மார்கழியில் கிளம்பாத கார்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூருக்கு, மூவர் பாடிய தலம் என்ற பெருமையோடு இரட்டைப் புலவர்கள் கலம்பகம் பாடிய ஊர் என்ற பெருமையும் உண்டு. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் தம் இறுதிக்காலத்தில் தங்கி, 1898இல் மறைந்ததும் இவ்வூரில்தான். சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியுமுன்பே அபிராமேசுவரரைத் தரிசித்துவிட்டு, இருட்டுப் பிரியும்போது திண்டிவனத்துக்குப் புறப்பட எண்ணியிருந்தோம். எங்களில் ஒருவருடைய பழைய கார் அதற்கு இசையவில்லை. முந்தின இரவெல்லாம் பம்பை ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த பனியில் நனைந்து, கோயில் தெருவில் அது ஊமையாக நின்றது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, ஆனால் பற்றவில்லை. திரும்பத் திரும்ப முயன்றதில் மின்கலமும் சோர்ந்தது.

எங்களில் மூவர் பட்டதாரிகள், ஒருவர் பொறியியலே படித்தவர். நால்வரும் கதவடைப்புப் போராட்டக்காரர்களைப் போலக் காரைச் சுற்றி நின்றோமே தவிர, முன்மூடியைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. தேநீர்க் கடையில் இருந்த ஒரு முதிய மெக்கானிக் தாமாகவே வந்தார். மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த ஒரு கறுப்புக் கிண்ணத்தைக் கழற்றி, தோள் துண்டால் உட்புறமும் வெளிப்புறமும் துடைத்து மறுபடி பொருத்தினார். மின்கலத்துக்கு வேலை வைக்காமல் எங்களைத் தள்ளச் சொன்னார். இருபதடி தள்ளுவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

“இந்தக் குளிருக்கே வண்டி இப்படிச் செய்கிறதே” என்றோம்.

“குளிர் இல்ல சார், ஈரம். தொடச்சாப் போதும்” என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியம் எங்களைப் பல நாள் யோசிக்க வைத்தது. குளிர்காலத்தில் தன் காரைத் தானே பழுது பார்ப்பது என்பது மேலை நாடுகளில் ஒரு பெரிய மரபு. நம்மிடம் அப்படியொரு மரபு இருந்ததா? இருந்ததென்றால் அது யார் கையில் இருந்தது? இந்தக் கேள்விகளின் பின்னே சென்றதில் தெரிந்தவற்றையே இங்கே எழுத முற்படுகிறோம்.

*

முதலில் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். தமிழில் பனி என்பது ஒரே நேரத்தில் குளிரும் ஈரமும் ஆகும். பழந்தமிழில் அதற்கு நடுக்கம் என்ற பொருளும் உண்டு. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றில் இரண்டை, மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று, பனிக்கே ஒதுக்கினர். ஐரோப்பியக் குளிர்காலத்துக்கு உறைதலே அடையாளம் என்றால் நம்முடையதற்கு நனைதல் அடையாளம். விழுப்புரம் பக்கத்தில் மார்கழி விடியலில்கூட வெப்பம் ஏறக்குறைய இருபது டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். இந்தக் குளிர் எந்த எஞ்சினையும் உறைய வைக்காது. ஆனால் இரவில் உலோகத் தகடு காற்றைவிடச் சீக்கிரம் குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் துளியாகப் படிகிறது. புல்நுனியில் நாம் ரசிக்கும் அதே துளிதான் காரின் உள்ளே பகையாகிறது.

பழைய பெட்ரோல் கார்களில் 12 வோல்ட் மின்சாரத்தைச் சுருள் ஒன்று பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பகிர்வானின் வழியே ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும். அந்தப் பகிர்வானின் கறுப்பு மூடியில் தூசியும் ஈரமும் சேர்ந்தால், பிளக்குக்குப் போக வேண்டிய பொறி அந்த ஈரத்தின் வழியே கசிந்துவிடும். எஞ்சின் சுற்றும், பற்றாது. மெக்கானிக்கின் தோள் துண்டு துடைத்தது அந்த ஈரத்தைத்தான்.

*

கார் என்னும் இயந்திரம் பிறந்தபோதே சூடேற்றுகிறவனையும் உடன் கொண்டு வந்தது. சோபர் என்று நம் தாத்தாக்கள் சொன்ன பிரெஞ்சுச் சொல்லுக்குச் சூடாக்குபவன் என்பதே பொருள். நீராவி எஞ்சினுக்குத் தீ மூட்டியவனுக்கு வைத்த பெயர் அது. தொடக்ககாலப் பெட்ரோல் எஞ்சின்கள் சிலவற்றிலும் ஒரு சிறு குழாயை விளக்குத் தீயால் பழுக்கக் காய்ச்சிய பிறகே வண்டி புறப்படும். ஓட்டுவது பின்னால் வந்த வேலை. குளிரை விரட்டுவதுதான் முதல் வேலை. பிறகு அந்த வேலை மறைந்து, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆனால் உரிமையாளரே கையை அழுக்காக்கிக்கொண்ட கதையும் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு, கணவர் கார்ல் பென்ஸ் செய்த வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், சென்றார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். தேய்ந்த மின்கம்பிக்குக் காலுறைப் பட்டையைச் சுற்றினார். உலகின் முதல் நெடும்பயணக் கார் பழுதைச் சரி செய்தவர் ஒரு பெண் என்பதும், அவர் அந்த வண்டிக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் என்பதும் நினைவில் வைக்கத் தக்கவை.

சென்னைக்குக் கார் வந்தபோது நிலைமை வேறு. பாரி கம்பெனியின் யார்க் 1901இல் அடையாற்றிலிருந்து பாரிமுனைக்குக் காரில் வந்து போனார் என்று நகர வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எம்.சி. 1 என்ற பதிவெண் துறைமுகத்தின் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்குக்குக் கிடைத்தது. கார் வைத்திருந்த முதல் இந்தியராகப் பேசப்படும் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருக்கு எம்.சி. 3. கார் இங்கே ஒரு கருவியாக அன்றி அந்தஸ்தாகவே வந்து இறங்கியது. அதை ஓட்டவும் துடைக்கவும் விடியலில் எழுப்பவும் வேறு ஆள் இருந்தார். நம்மிடம் உடைமையும் அறிவும் இப்படித் தொடக்கத்திலேயே இரண்டு பேருக்குப் பங்கு பிரிந்தன. மேற்கில் கூலி அதிகம் என்பதால் உரிமையாளன் ஸ்பேனரை எடுத்தான். இங்கே கூலி குறைவு. அத்தோடு, எண்ணெய்க் கறை படிந்த கையைத் தாழ்வாகப் பார்க்கும் பழைய வழக்கமும் சேர்ந்துகொண்டது. பின்னது முன்னதைவிட வலுவானது என்பதே நம் கருத்து.

*

காலையில் காரை எழுப்புவதற்கு அன்று ஒரே வழிதான் இருந்தது: முன்புறம் கம்பியைச் செருகிச் சுற்றுவது. இதற்கு ‘ஹேண்டில் போடுவது’ என்று பெயர். குளிரில் எண்ணெய் கெட்டியாகி எஞ்சின் இறுகியிருக்கும். பெட்ரோலும் எளிதில் ஆவியாகாது. சுற்றும்போது எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு முறியும். அதனால் அந்தக் காலத்து ஓட்டுநர்கள் கற்ற முதல் பாடம் கட்டைவிரலைப் பற்றியது. நாம் எதைப் பிடித்தாலும் கட்டைவிரலை எதிர்ப்பக்கம் மடக்கிப் பிடிப்போம். ஹேண்டிலில் அப்படிப் பிடிக்கக் கூடாது. ஐந்து விரலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். கீழே அழுத்தாமல் மேலே இழுக்க வேண்டும். உதைத்தால் கம்பி விரல்களை விட்டுத் தானே விலகும். எந்தப் புத்தகத்தையும் படிக்காத கிளீனர் பையன்களுக்கு இது தெரிந்திருந்தது. காரின் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் இந்த வேலையை மின்மோட்டாரிடம் கொடுத்தார். அவர் முன்பு பணம் எண்ணும் கல்லாப் பெட்டி செய்யும் நிறுவனத்தில், பெட்டியைத் திறக்கச் சிறு மோட்டார் வைத்தவர். நாள் முழுதும் ஓட வேண்டாம், சில நொடி பலமாக ஓடினால் போதும் என்ற அதே யோசனையைக் காருக்குப் பொருத்தினார். 1912ஆம் ஆண்டு கேடிலாக் காரில் அது வந்தது. நாம் ‘செல்ஃப்’ என்று சொல்வது அதைத்தான். ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்ற வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் இருக்க முடியாது. தானாகவே எழும் கார் என்பது அதன் முழுப் பொருள். பெண்களும் முதியவர்களும் துணையின்றிக் கார் ஓட வழி செய்தது அது என்பதை மறுக்க முடியாது. ஆயினும், காலையில் எஞ்சினைத் தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்றோடு தளரத் தொடங்கியது. அம்பாஸடர் போன்ற நம் கார்களில் பல பத்தாண்டுகள் கழித்தும் முன்புறத்தில் ஹேண்டிலுக்கு ஒரு துளை இருந்துவந்தது, நம்பிக்கையின்மையின் சின்னமாக.

இரண்டாம் உலகப் போர் நடுவில் ஒரு விசித்திரமான இடைவேளையைக் கொண்டு வந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும் பேருந்துகளின் பின்னால் உருளை அடுப்புகள் ஏறின. கரியை மூட்டி, கையால் துருத்தி சுற்றி, வாயு பிடித்த பிறகே வண்டி புறப்படும். ‘கரி கேஸ் பஸ்’ என்று பெரியவர்கள் நினைவுகூர்ந்தது அதையே. மார்கழி விடியலில் ஓட்டுநரும் நடத்துநரும் சில சமயம் பயணிகளும் அந்த அடுப்பைச் சுற்றி நின்று குளிர் காய்ந்திருப்பார்கள். சூடாக்குபவன் என்ற பழைய பெயர் சில ஆண்டுகளுக்கு மறுபடியும் பொருளுள்ளதாயிற்று.

*

பங்கு பிரிந்த இந்த இரண்டையும் ஒரே உடம்பில் சேர்த்தவர் நம்மிடையே ஒருவர் உண்டு. கோவை மாவட்டம் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, அதை வாங்குவதற்காகவே உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கியதும் அவர் செய்தது ஊர்வலம் போவதன்று. பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கினார். பிரித்துப் பார்க்காத எதுவும் தன்னுடையதில்லை என்று நினைத்த மனிதர் அவர் என்றே அவர் வாழ்க்கை நமக்குச் சொல்கிறது. அவர் சேர்த்த கார்கள் இன்று கோவையில் 2015இல் திறந்த அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. பார்க்கப் போகிற நாமோ கயிற்றுக்கு இப்பால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு வாய்ப்பு எங்கள் நெடுஞ்சாலை ஓரத்திலேயே உருவானது. சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் ஜி. எஸ். டி. சாலையில், வண்டலூர்ப் பக்கத்தில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1960களில் ஹெரால்ட் காரைச் செய்தது. பிரிட்டனில் 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. அதன் முன்பகுதி முழுவதும், மட்கார்டுகளும் விளக்குகளும் உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும். முதலை வாய் திறப்பதுபோல் இருக்கும் அதைப் பார்க்க. எஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரத் தாங்கிகள் எல்லாம் வெட்டவெளியாகிவிடும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். சொந்தக்காரனே வந்து கை வைக்கட்டும் என்று வாய் திறந்து அழைத்த கார் அது. தமிழ்நாட்டில் செய்த கார் ஒன்று அப்படி அமைந்தும், அந்த அழைப்பை ஏற்றவர்கள் பெரும்பாலும் பட்டறைக்காரர்களே. அந்நிறுவனம் 1980களின் இறுதியில் கார் செய்வதை நிறுத்தியது.

*

அப்படியானால் நம் மரபு பட்டறையில் இருந்தது. ஆனால் எழுத்தில் இல்லை. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இது உறுத்த வேண்டும். அகராதி காரை மகிழுந்து என்கிறது. எந்தப் பட்டறையிலும் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. அங்கே வேறொரு சொற்களஞ்சியம் வாழ்கிறது. மாற்றுச் சக்கரத்துக்கு ஸ்டெப்னி என்று பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்த ஒரு நிறுவனத்தின் பெயர் அது. பிரிட்டனில் மறைந்துபோன அந்தப் பெயரை விழுப்புரத்து டயர்க் கடைப் பையன் இன்றும் காப்பாற்றிவருகிறான். எண்ணெய் டின்களில் 20டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதில் அந்த டபிள்யூ ஆங்கிலத்தின் குளிர்காலத்தைக் குறிக்கும் முதலெழுத்து. நாம் கண்டிராத ஒரு குளிர்காலம் நம் பெட்ரோல் பங்க் அலமாரியில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது.

கார்க் கையேடுகள் அந்தக் குளிர்காலத்துக்காகவே எழுதப்பட்டவை. ரேடியேட்டர் நீர் உறையாமல் காப்பது பற்றி அவை பக்கம் பக்கமாகப் பேசும். நம் மெக்கானிக்குகள் அவற்றைப் படிக்காமலே நம் பனிக்கு ஒரு தனிக் கையேட்டை வாய்மொழியாக உருவாக்கிக்கொண்டார்கள். இரவில் காரின் மூக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்து. முடிந்தால் சரிவில் நிறுத்து, காலையில் உருட்டிக் கிளப்பலாம். மின்கல முனையில் பூத்த பச்சையை வெந்நீரும் ஆப்பச் சோடாவும் விட்டுக் கழுவு. காய்ந்தபின் வாசலின் தடவு. பாயிண்ட் இடைவெளியை, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு என்று கையேடு சொல்வதை, கண்ணாலேயே அளந்து வை. சோக்கை இழுத்தால் கிளம்பியதும் மெல்ல உள்ளே தள்ளிவிடு. இழுத்தபடியே விட்டால் மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். இவை ஒவ்வொன்றுக்கும் அறிவியல் காரணம் உண்டு. சொன்னவர்கள் காரணத்தைச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய நாமும் கேட்கவில்லை.

உண்மையான குளிரில் நிலைமை கடுமையானது. உதகையில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுக்கும் உறைபனி விழும்போது கார்க் கண்ணாடியைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும். லடாக்கில் டீசலே மெழுகுபோல் கட்டிவிடுவதால், டாங்கியின் அடியில் தீ மூட்டி இளக்கிய ஓட்டுநர்கள் உண்டு. 33 டிகிரி உறைகுளிரிலும் இளகியிருக்கும் டீசல் அங்கே 2019இல்தான் வந்தது. டொரொன்டோவில் குடியேறிய நம் ஈழத் தமிழ் நண்பர்களுக்கு மெக்கானிக்கின் கூலியே முதல் குளிர். யாழ்ப்பாணத்தில் காரின் மூடியைத் திறந்தே பார்த்திராதவர்கள் அங்கே கையுறை போட்டுக்கொண்டு தாங்களே மின்கலம் மாற்றுகிறார்கள். கூலி உயர்ந்ததும் கறை படிந்த கையின் மேலிருந்த தாழ்வுணர்ச்சி காணாமல் போய்விடுகிறது என்றால், அந்த உணர்ச்சிக்கு வேறெந்த நியாயமும் ஒருபோதும் இருந்ததில்லை என்றுதானே பொருள்?

*

இன்றைய கார்களில் சோக் இல்லை, பாயிண்ட் இல்லை, பகிர்வானும் இல்லை. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டையொட்டி வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு கார்ப்பரேட்டர் விடைபெற்று, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பு வந்தது. எஞ்சினின் வெப்பத்தை ஓர் உணரி அளந்து சொல்ல, எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. மார்கழியில் கார் கிளம்புகிறது. காற்றும் முன்னளவு கெடவில்லை. இதைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயல். ஆனால் இப்போது கெட்டால், தோள் துண்டு போதாது. உரிய கருவியும் அதற்கான மென்பொருளும் வேண்டும். அவை விற்றவரிடம் இருக்கின்றன. முதலில் அறிவு உரிமையாளரை விட்டுப் பட்டறைக்குப் போயிற்று. இப்போது பட்டறையையும் விட்டு நிறுவனத்துக்குப் போகிறது. பழுது பார்க்கும் உரிமைக்காக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்ததும், நம் ஒன்றிய அரசு 2022இல் இதற்கென ஒரு குழு அமைத்து அதன் வரம்பில் வாகனங்களைச் சேர்த்ததும் இதனால்தான். அந்த உரிமை வரும்போது அதைப் பயன்படுத்தும் கைகள் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கவலை.

இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. காலில்லாதவரைக் கண்ணில்லாதவர் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழி சொல்ல, இருவருமாக ஊர் ஊராகப் பாடினார்கள். திருவாமாத்தூரைப் பாடும்போது ஆற்றின் எந்தக் கரையில் கோயில் என்பதை மாற்றிப் பாடிவிட்டார்கள் என்றும், அன்றிரவே ஆறு தடம் மாறி அவர்கள் பாட்டை மெய்ப்பித்தது என்றும் ஊரில் சொல்வார்கள். காரின் சொந்தக்காரரும் மெக்கானிக்கும் நம் நாட்டில் நூறாண்டாக அப்படித்தான் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஓட்டிவந்திருக்கிறார்கள். வேறுபாடு ஒன்றுதான். புலவர்கள் வெண்பாவின் முதற்பாதியை ஒருவரும் பிற்பாதியை மற்றவரும் பாடி முடித்ததாகச் சொல்வார்கள். இருவர் பெயரும் சேர்ந்தே நின்றது. பட்டறைக்காரரின் பாதி நம்மிடையே எழுதப்படவே இல்லை.

அந்த மெக்கானிக்கிடம் பணம் கொடுக்கப் போனபோது, தேநீருக்கு மட்டும் போதும் என்றார். அடுத்த மார்கழிக்கு முன் மறுபடி அவரைத் தேடிப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். இம்முறை ஒரு நோட்டுப் புத்தகமும், துடைக்க ஆளுக்கொரு துண்டும் எடுத்துக்கொண்டு.